இரண்டு கேமராக்களும் மூன்றாம் பக்கமும்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

உன் மாமா எழுதுவது. யாரையும் பிடித்து எழுதச் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். பேனாவும் நானே கடைக்குப் போய் எழுதிப் பார்த்து வாங்கியது.

நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் தோள்பட்டை வலி தேவலையா?

நூலகத்து மாடியில் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது சிரித்தாய். இப்போது பார். லாரி ஓட்டிய காலத்தில் ஊர்ப் பலகையை நிறம் பார்த்தும், பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்தும்தான் கண்டுபிடிப்பேன். மரத்தை வெட்டிவிட்டால் ஊரே தொலைந்துபோகும். இப்போது தெருவில் இறங்கினால் எல்லாச் சுவரும் என்னோடு பேசுகிறது. நம் தெரு முனை கேட்டில் ‘இங்கே வண்டி நிறுத்தாதே’ என்று எழுதியிருக்கிறது. பல வருஷம் அங்கேதான் வண்டியை நிறுத்தினேன். அந்த வீட்டுக்காரர் ஏன் என்னை முறைத்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. இருமல் மருந்து பாட்டிலில் ‘நன்றாகக் குலுக்கிய பின் குடிக்கவும்’ என்று போட்டிருக்கிறது. நான் ஒரு நாளும் குலுக்கியதில்லை.

ஒன்று கேட்கிறேன். இனி எனக்குப் போன் செய்யாதே, கடிதம் போடு. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாதியை அவளே பேசிவிடுகிறாள். கடிதம் என்றால் எனக்கே எனக்கு. பெரிய எழுத்தாக எழுது. பக்கத்துக்கு நம்பர் போடு, கீழே விழுந்தால் அடுக்க வசதி.

கை வலிக்கிறது. நிறுத்தத்தான் மனசு வரவில்லை.

எழுதத் தெரிந்த உன் மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

பக்கம் 1

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றுவிட்டேன். பார்ட்னர் எட்டிப் பார்த்து, “என்னங்க, கோர்ட் நோட்டீஸா?” என்று கேட்டார். “எங்க மாமா எழுதியிருக்கார்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பார்ட்னரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஸ்டுடியோவில் ஆளுக்குப் பாதி. கல்யாணங்களில் அவர் ஒரு பக்கம் நிற்பார், நான் இன்னொரு பக்கம்.

தோள் வலி அப்படியேதான் இருக்கிறது. அதோடு என் பழைய கேமராவும் நோயாளி ஆகிவிட்டது. அதை மாற்றியே ஆக வேண்டும். புதிதாக வருவதில் இரண்டு வகையைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரிது. லென்ஸோடு தூக்கினால் ஏறக்குறைய இரண்டு கிலோ. வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் படம் தெளிவாக விழும். இன்னொன்று சிறிது, அதில் பாதிக்கும் குறைவு. பகலில் பெரியதற்குச் சளைத்ததில்லை. இருட்டில்தான் தடுமாறும். எதை வாங்க?

பக்கம் 2

இதில் ஒரு சிக்கல். இரண்டும் வேறு வேறு கம்பெனி. கேமரா வாங்குவது என்றால் ஒரு பெட்டியை வாங்குவது இல்லை. ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கேமராவில் பொருந்தாது. ஒரு பக்கம் போய்விட்டால் அடுத்தடுத்து அந்தப் பக்கத்து லென்ஸாகவே வாங்கிச் சேர்க்க வேண்டும். பிறகு திரும்புவது கஷ்டம். பார்ட்னர் பெரிய வகையில்தான் இருக்கிறார். ஒரு பெட்டி நிறைய லென்ஸ் வைத்திருக்கிறார்.

இரண்டுமே மிரர்லெஸ். உள்ளே கண்ணாடி கிடையாது என்று அர்த்தம். பழைய கேமராவில் படம் எடுக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வருமே, அது உள்ளே இருக்கும் கண்ணாடி எழுந்து உட்காரும் சத்தம். இதில் அது இல்லை.

அம்மாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்லுங்கள். நீங்கள் மருந்தைக் குலுக்கிக் குடியுங்கள்.

உங்கள் வாலு


பிப்ரவரி 22

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து மணி மணியாக இருக்கிறது. உன் அம்மா, “எனக்கும் காட்டேன்” என்றாள். “உனக்கு வந்தா நான் கேட்டேனா?” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எடை விஷயத்தை வாயால் பேசி முடிவு செய்யக் கூடாது. இரண்டு உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்தேன். மாடிப்படி ஏறி இறங்கினேன். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தோடு அதே மாதிரி நடந்தேன். நடுவில் பக்கத்து வீட்டம்மா வந்து, “உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று உன் அம்மாவிடம் கேட்டாள். உன் அம்மா, “உடம்புக்கு ஒண்ணுமில்ல” என்றாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

என் தீர்ப்பு: ஒரு பாக்கெட் இருப்பதே தெரியவில்லை. இரண்டு பாக்கெட் மத்தியானத்துக்குள் கழுத்தைக் கீழே இழுத்துவிட்டது.

ஒரு யோசனை. சின்னதையே வாங்கிக்கொள். இருட்டு மண்டபமாக இருந்தால் பார்ட்னரிடம் ஒரு நல்ல லென்ஸை இரவல் வாங்கி மாட்டிக்கொள். எப்படி என் மூளை?

உன் மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுக்கு,

போன கடிதத்தில் இருக்கும் யோசனையைக் கிழித்துப் போட்டுவிடு. நேற்றுதான் உன் இரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். லென்ஸ் மாறிப் பொருந்தாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறாய்.

நடந்தது இதுதான். முதல் பக்கத்தை முடித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பேனாவை எடுத்துவிட்டேன். டீச்சரிடம் சொன்னேன். “தாத்தா, பாதி லெட்டருக்குப் பதில் போட்ட முதல் ஆள் நீங்கதான்” என்று சிரித்தது அந்தப் பெண். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

இனி கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். இது டிரைவர் வாக்கு.

கண்ணாடி இல்லாத கேமராவைப் பற்றி யோசித்தேன். கண்ணாடி இல்லாத வண்டியை நான் ஒரு நாளும் ரிவர்ஸ் எடுத்ததில்லை. நீ எடுத்துவிடுவாய்.

உன் மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பக்கம் 1

ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? ஓயாமல் கல்யாணம். உங்கள் டிரைவர் வாக்கை நம்பித்தான் இந்தத் தடவை மூன்று பக்கம் எழுதுகிறேன்.

இரண்டு கேமராவையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். பெரியதை எடுத்துக்கொண்டு போன கல்யாணத்தில் பெண் உள்ளே வரும் நேரத்தில் விளக்கைப் பாதி அணைத்துவிட்டார்கள். அப்படியும் அவள் கண் மையில் இருந்த ஈரம்கூடப் படத்தில் வந்திருக்கிறது. ஆனால் மறுநாள் என்னால் தலை வார முடியவில்லை. சின்னதை எடுத்துக்கொண்டு போன நாளில் நாற்காலி மேல் ஏறினேன், தரையில் படுத்தேன், வலியே இல்லை. சத்தமே வராததால் முன்வரிசையில் ஒரு பெரியவர் தூங்கி வழிவதைப் பக்கத்தில் போய் எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் இருட்டில் எடுத்த படமெல்லாம் மணல் தூவியதுபோல இருக்கிறது. பேட்டரியும் மதியமே தீர்ந்துவிட்டது.

பக்கம் 2

பார்ட்னரிடம் இரண்டு கேமராவில் எடுத்த படங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “உங்க தோளுக்குச் சின்னதுதான் சரி. ஆனா பெருசை வாங்கினா ஒரு வசதி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே லென்ஸ் பெட்டி போதும்” என்றார். அவர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார்.

பக்கம் 3

பிறகு தலை நிமிராமல், “பெட்டி மட்டும் இல்லங்க. வீடும் ஒண்ணு போதும்னு தோணுது” என்றார்.

மாமா, அவர் நல்லவர். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பு கல்யாணம் செய்துகொண்டவரையும் நல்லவர் என்றுதான் நம்பிப் போனேன். அந்த வீட்டில் என் கேமராவை விற்று ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். கடைசியில் நீங்கள்தான் லாரியோடு வாசலில் வந்து நின்று, “ஏறும்மா” என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அம்மாவைக் கேட்டால் அழுவாள்.

சரி என்று உங்களுக்குத் தோன்றினால் சரி என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதை எழுத உங்களுக்கும் கஷ்டம், படிக்க எனக்கும் கஷ்டம். கேமராவைப் பற்றி மட்டும் எழுதி அனுப்புங்கள். புரிந்துகொள்வேன். மறுபடி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

உங்கள் வாலு


ஏப்ரல் 10

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் அம்மா மாத்திரை போடுகிறாள், நான் பக்கத்தில் நின்று அட்டையில் பெயரைப் படித்துக் காட்டுகிறேன். அவளுக்கு எரிச்சல்.

உன் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டேன். நன்றாக யோசித்தே எழுதுகிறேன்.

சின்னதையே வாங்கு. தலை வார முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன படம் எடுப்பாய்? பார்ட்னரின் பெட்டி பார்ட்னருக்கு. உன் பை உனக்கு. இன்னொருவர் பெட்டியை நம்பி ஏன் போக வேண்டும்? பேட்டரி இன்னும் இரண்டு வாங்கி வைத்துக்கொள். இருட்டைப் பற்றிக் கவலைப்படாதே, விளக்கைப் போடச் சொல்லு. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் நாளைக்கே போய் வாங்கிவிடு.

தூங்கிய பெரியவரின் படத்தை எனக்கு அனுப்பு.

உன் மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

பக்கம் 1

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே சின்னதை வாங்கிவிட்டேன். பேட்டரியும் வாங்கினேன். பார்ட்னரிடமும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எப்போதும் என் நல்லதுக்குத்தான் சொல்வீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெரியவர் படம் இதனுடன்.

வாலு


ஏப்ரல் 26

என் கண்ணே,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ‘உங்கள் வாலு’ என்று எழுதுகிறவள் வெறும் ‘வாலு’ என்று எழுதியிருக்கிறாய். புதுக் கேமரா வாங்கியவள் அதன் நிறம்கூடச் சொல்லவில்லை.

பழைய கடிதத்தை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தை இன்றுதான் படித்தேன்.

முழுவதும் படித்தேன் என்று எழுதியது பொய். இரண்டாம் பக்கத்தில் லென்ஸ் துடைக்கிற இடம் வரை வந்தேன். மூன்றாம் பக்கத்தில் எழுத்து சின்னதாகி, சாய்ந்து ஓடியது. முதல் வரியே ஏறவில்லை. கடைசிப் பக்கம்தானே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவைக் கேட்டேன் என்றுதான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மெதுவாகப் படிக்கிறவன் என்று மறுபடி உன்னிடம் சொல்ல வெட்கம்.

உடனே போன் செய்தேன். நீ எடுத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா வந்து ஸ்பீக்கரை அமுக்கினாள். அதனால்தான் “அங்க மழையா?” என்று கேட்டுவிட்டு வைத்தேன். என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பாய்.

கேள். நான் சொன்ன பதில் கேமராவுக்கு. மனுஷனுக்கு இல்லை. சின்னக் கேமராவை வாங்கியது சரிதான், அதில் மாற்றமில்லை. மனுஷன் விஷயத்தில் சரி என்று நான் எழுதினால் நீ அப்படியே தலையாட்டுவாய். நான் வேண்டாம் என்றதாக நினைத்துக்கொண்டும் அப்படித்தானே தலையாட்டினாய்? அன்றைக்கு வாசலில் நின்று “ஏறு” என்றேன், ஏறியது நீதான். இதுவும் அப்படித்தான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீ அவருக்குப் பொருந்தாத கேமராவை வாங்கிவிட்டாய். இப்போது அந்த மனுஷன் முகம் எப்படி இருக்கிறது? அதை நீ சொன்னால் பாதி உன் பிரியம் கலந்துவிடும். நானே கேட்டுக்கொள்கிறேன்.

மாமா என்று எழுதத் தகுதியில்லாவிட்டாலும், உன் மாமாதான்


ஏப்ரல் 26

ஸ்டுடியோ பார்ட்னர் தம்பிக்கு,

வணக்கம். நான் வாலுவின் தாய்மாமன். லாரி டிரைவராக இருந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். என் மருமகள் சின்னக் கேமரா வாங்கியிருக்கிறாள். நான் சொல்லித்தான் வாங்கினாள். உங்கள் பெட்டியில் இருக்கும் லென்ஸ் அதில் எப்படியாவது பொருந்துமா? பொருந்தாது என்றால் உங்களுக்கு வருத்தமா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதினால் போதும். ஒரே பக்கத்தில் எழுதினால் புண்ணியம்.

வாலுவின் மாமா


மே 5

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம். உங்கள் கடிதம் கண்டு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் எழுத்து கோணலாக இல்லை.

முதல் கேள்வி. பொருந்தாது. நடுவில் போடுகிற அடாப்டர் வளையம் ஒன்று விற்கிறார்கள். மாட்டலாம், ஆனால் ஃபோகஸ் தானாக வராது, கையால் திருப்ப வேண்டும். மணமகள் நடந்து வரும்போது திருப்பிக்கொண்டிருந்தால் அவர் போய் உட்கார்ந்துவிடுவார். பொருந்தும் என்று உங்களிடம் எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல.

இரண்டாவது கேள்வி. கேமராவால் வருத்தமில்லை. போன வாரக் கல்யாணத்தில் உங்கள் மருமகள் அங்கிருந்த குழந்தைகளோடு தரையில் தவழ்ந்து படம் எடுத்தார். நாங்கள் தொழில் தொடங்கி இத்தனை காலத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் பார்த்திருக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து அப்படிப்பட்ட படம் ஒன்றுகூட எடுத்திருக்க முடியாது. பெட்டி ஒன்று போதும் என்று நான் சொன்னது பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமல். அதற்குப் பதில் ஸ்டுடியோ அலமாரியில் ஒரு தட்டை அவர் லென்ஸுக்காகக் காலி செய்துவிட்டேன். இப்போது இருப்பது ஒன்றுதான், மற்றவை வரும்.

வருத்தம் வேறொன்று. நான் கேட்ட இன்னொரு விஷயத்துக்கு, “மாமா சொல்லிட்டார்” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. என் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தவறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பார்ட்னர்


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

பக்கம் 1. இது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. பிறகு ‘அங்க மழையா’ நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். அன்றைக்கு இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

ஆனாலும் பல நாள் பார்ட்னரிடம் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நீங்கள் சொன்னதுபோல நானே யோசிக்க வேண்டியிருந்தது. நேற்று ஒரு கல்யாணம். எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பார்ட்னர் பக்கத்தில் வந்து நின்று, “உங்க மாமா எனக்கும் லெட்டர் போட்டிருக்கார்” என்றார்.

“என்னன்னு?”

“என் லென்ஸ் உங்க கேமராவுல பொருந்துமான்னு.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“பொருந்தாதுன்னு எழுதிட்டேன்.”

“அவ்வளவுதானா? பொருந்தும்னு எழுதியிருந்தா உங்களுக்கு நல்லதுதானே?”

“எப்படிங்க எழுதறது? பொருந்தாதே.”

மாமா, அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஸ்டுடியோ அலமாரியில் அவர் காலி செய்திருந்த தட்டு ஞாபகம் வந்தது. அதை எனக்கென்று துடைத்து வைத்திருப்பதை என்னிடம் அவர் சொல்லவேயில்லை. நானேதான் பார்த்தேன். ஒரு வீட்டில் கேமராவை விற்றார்கள். இங்கே ஒருவர் தனக்கு உதவாத கேமராவுக்கு இடம் ஒதுக்குகிறார்.

“பெட்டி ரெண்டாவே இருக்கட்டும். வீடு ஒண்ணு போதும்” என்றேன்.

அவர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். வரிசையில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா, “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டே நிக்கறது?” என்று கத்தினார்.

அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் வாலு


மே 19

என் தங்க வாலுக்கு,

உன் கடிதத்தை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். மாப்பிள்ளையிடம் எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இல்லை என்று சொல்லு. தனியாகவும் எழுதுகிறேன்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை நீட்டினேன். பிடுங்கி, நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் படித்து முடித்துவிட்டாள். அழவில்லை. மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணினா?” என்றாள்.

“என்னைக் கேட்டா.”

“உன்னையா? நீ என்ன சொன்னே?”

“வேணாம்னு சொன்னேன்.”

“அப்புறம் எப்படிண்ணே?”

“அப்புறம்தான் லெட்டரைப் படிச்சேன்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இதை நான் எழுதுகிறேன், அவள் இன்னும் நிறுத்தவில்லை.

உன் மாமா